குலமா, பயிற்சியா?

சென்னையிலிருந்து திருச்சிக்குச் செல்லும் பெருஞ்சாலையில், பெரம்பலூரை எட்டுவதற்குச் சற்று முன்னே வருவது வாலிகண்டபுரம். வாலி வழிபட்ட தலம் என்று புராணிகர் பெருமை பேசுவர். மறைந்து நின்று எய்த அம்புக்கு இரையானவன் பெயரை ஓர் ஊர் மறவாமல் தாங்கி நிற்கிறதே, அந்த அளவுக்கு நமக்கும் மகிழ்ச்சிதான். வெள்ளையர் எழுதிய வரலாற்று ஏடுகளில் இவ்வூர் இடம்பெற்றதற்குக் காரணம் வேறு. 1751ஆம் ஆண்டு, ஆர்க்காட்டு நவாபு பட்டத்துக்காகச் சந்தா சாகிபும் முகமது அலியும் மோதிக்கொண்டபோது, பிரெஞ்சுக்காரர் ஒருபுறமும் ஆங்கிலேயர் மறுபுறமுமாக நின்று இங்கே பொருதனர். ஆங்கிலப் படை நிலைகுலைந்து பின்வாங்கிய கதையை அவர்தம் வரலாற்றாசிரியர் ராபர்ட் ஓர்ம் எழுதி வைத்தார். வெள்ளையர் வாயில் ஊரின் பெயர் வால்கொண்டா என்றாயிற்று.

போர் தெரிகிறது, புறங்காட்டியவர் தெரிகிறது. வாலீசுவரர் கோயிற் கல்வெட்டுகளால், கொடையளித்த கோமான்களின் பெயரும் தெரிகிறது. தெரியாதது ஒன்றுண்டு. அந்தச் சுவரில் எழுத்து இருந்த அத்தனை நூற்றாண்டுகளிலும், அதைப் படிக்க இவ்வூர்க் குழந்தைக்கு யார் கற்றுத் தந்தார்? எந்தக் குழந்தைக்குக் கற்றுத் தந்தார்? எந்தக் குழந்தையை அந்தச் சுவரின் நிழலிலும் நிற்க விடவில்லை? மன்னர் வரலாறு எழுதியோர் இதைக் கேட்கவில்லை. அவர்கள் கேட்கவில்லை என்பதற்காக நாமும் கேளாதிருக்க வேண்டுமா?

எழுத்தறிவிப்பவரை உருவாக்கியது எது, குலமா, பயிற்சியா என்ற கேள்வி, பள்ளிக்கூடத்து நிர்வாகக் கேள்விபோல் தோன்றும். உண்மையில் அது சமுதாயத்தின் அடித்தளத்தையே தோண்டும் கேள்வி. பிறப்பினாலே ஒருவன் ஆசிரியன் என்றால், பிறப்பினாலே மற்றொருவன் மாணவனாகவும் ஆகமுடியாது. பயிற்சியினாலே எவரும் ஆசிரியர் ஆகலாம் என்றால், வருணத்தின் மாளிகையில் ஒரு தூண் சரிந்தது என்று பொருள். ஆசிரியப் பயிற்சியின் வரலாற்றை நாம் புரட்டிப் பார்ப்பது இந்தக் கண்ணோட்டத்தோடுதான்.

நம் பழைய இலக்கண நூலையே முதலில் எடுப்போம். 13ஆம் நூற்றாண்டில் நன்னூல் செய்த பவணந்தியார், ஆசிரியர் யார், எப்படிக் கற்பிக்க வேண்டும், எவருக்குக் கற்பிக்க வேண்டும் என்று முறைப்படி வகுத்துச் சொன்னார். கற்பித்தலை ஒரு கலையாகக் கருதி இலக்கணம் செய்த சமுதாயம் நம்முடையது என்பதில் ஐயமில்லை. காலமும் இடமும் அறிந்து, மாணவனின் கொள்ளளவு உணர்ந்து, அவன் உளங்கொள்ளுமாறு கற்பிக்க வேண்டும் என்ற கருத்து, இன்றைய பயிற்சிக் கல்லூரியில் மேனாட்டார் பெயரைச் சொல்லிப் போதிக்கப்படும் கருத்துக்கு எவ்வகையிலும் இளைத்ததன்று. ஆசிரியர் ஆகத் தகாதவருக்கு அவர் காட்டிய உவமைகளில் ஒன்று பருத்தி அடைத்த குடுக்கை. அடைப்பதும் சிறிது சிறிதாக, எடுப்பதும் சிறிது சிறிதாக! பருத்தி விளையும் பெரம்பலூர்ச் சீமையிலே இதற்கு உரை தேவையில்லை. இவ்வளவு நுட்பம் அறிந்தவர், நல்லாசிரியனுக்குரிய பண்புகளை அடுக்கும்போது முதலில் வைத்தது எது தெரியுமா? குலம்! அருளுக்கு முன்னே குலம்; கலை பயின்ற தெளிவுக்கு முன்னே குலம். அவர் வேதியரும் அல்லர், சமண முனிவர். அவர் கையையும் அந்தக் காலத்தின் கை பிடித்து எழுத வைத்தது.

அந்த முதற்சொல்லின் விளைவை இந்த வட்டாரத்திலேயே காணலாம். உ.வே. சாமிநாதையர் 1855இல் பிறந்தவர். அவருடைய இளமைக் கல்வியில் ஒரு பெரும்பகுதி இந்தப் பெரம்பலூர், அரியலூர்ப் பக்கத்திலேதான் நடந்தது. அரியலூரில் சடகோபையங்கார், குன்னத்தில் சிதம்பரம் பிள்ளை, செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியார் என்று ஊர் ஊராகச் சென்று ஆசிரியர்களைத் தேடினார். யாப்பருங்கலக் காரிகையை அவருக்குக் கற்பித்தவர் செங்கணத்து ரெட்டியார். உழவுத் தொழிலுக்கு நடுவே ஏடு புரட்டிய தமிழர். பின்னாளில் ஓலையில் மறைந்து கிடந்த சங்கத் தமிழை மீட்ட அந்தப் பேருழைப்புக்கு வித்திட்ட ஊர்களில் இவையும் உண்டு. அதை நாம் மறுக்கவில்லை, மறக்கவும் இல்லை.

ஆனால், அதே ஆண்டுகளில், அதே ஊர்களில், வாய்க்கால் வரப்பில் நின்ற சேரிச் சிறுவன் எங்கே போனான்? அவன் தந்தையும் ஆசிரியரைத் தேடி ஊர் ஊராகப் போயிருந்தால், எந்த ஊர் அவர்களுக்குச் சோறிட்டு, இடமும் கொடுத்து, ஏடும் கொடுத்திருக்கும்? சாமிநாதையரின் குடும்பத்துக்கு வறுமை உண்டு. ஆனால் வாயில்கள் திறந்திருந்தன. சேரிச் சிறுவனுக்கு வறுமையும் உண்டு, வாயிலும் இல்லை. பெண்களைப்பற்றிக் கேட்கவே வேண்டியதில்லை. கோயிலில் ஆடிப்பாடப் பொட்டுக் கட்டப்பட்டவர் தவிர மற்றப் பெண்கள் எழுத்தறிவது குடும்பத்துக்கு ஆகாது என்று சொல்லித் திரிந்த காலம் அது.

திண்ணைப் பள்ளிக்கூடத்தின் முறையைச் சற்று விரித்துச் சொல்லவேண்டும். ஏனெனில் அதிலிருந்துதான் உலகத்து ஆசிரியப் பயிற்சியின் ஒரு கிளை முளைத்தது. மணலைப் பரப்பி, குழந்தையின் விரலைப் பிடித்து எழுத்தின் வடிவைப் பதிப்பார் ஆசிரியர். எழுதும்போதே உரத்துச் சொல்லவேண்டும். கை எழுத, வாய் ஒலிக்க, காது கேட்க, எழுத்து மனத்திலே தங்கும். மணலில் தேறியவன் ஓலைக்குப் போவான். அரிச்சுவடி, ஆத்திசூடி, கொன்றைவேந்தன், எண்சுவடி என்று ஏடுகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். ஆசிரியர் ஒருவர், பிள்ளைகள் பலர். ஆகவே தேறிய பிள்ளையைச் சட்டாம்பிள்ளை ஆக்கி, மற்றவருக்குச் சொல்லித்தர வைப்பார். ஊதியம் நெல்லாகவும் காசாகவும் வரும். நவராத்திரிக் காலத்தில் பிள்ளைகள் வீடுவீடாகப் பாடிப் பெற்று வரும் காசும் அவருக்கே. பிரம்படி, கோதண்டம், குட்டு ஆகியவற்றுக்குக் குறைவில்லை. அந்தக் கொடுமைகளுக்கு நாம் வக்காலத்து வாங்கமாட்டோம்.

1789இல் சென்னை எழும்பூரில், படைவீரர்களின் ஆதரவற்ற ஆண்பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளிக்குப் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காத்லாந்துப் பாதிரியார், நாட்டுப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் எழுதக் கண்டார். கண்டவர் அதைத் தம் பள்ளியிலே செய்யச் சொன்னார். சம்பளம் வாங்கிய ஆசிரியர்கள் முகம் சுளித்தனர். மணலாவது, விரலாவது! அவர்களை ஒதுக்கிவிட்டு, ஜான் பிரிஸ்கின் என்ற எட்டு வயதுச் சிறுவனைக் கூப்பிட்டு, இளையவருக்கு அரிச்சுவடி கற்பிக்கும் பொறுப்பை அவனிடம் தந்தார் பெல். சிறுவன் வென்றான். 1797இல் அந்தச் சோதனையை நூலாக்கி லண்டனில் வெளியிட்டார். மதராஸ் முறை என்று அது பேர்பெற்றது. இங்கிலாந்தில் ஏழைப் பிள்ளைகளின் பள்ளிகள் பல அதைக் கைக்கொண்டன. செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் பெல்லின் கொடையால் எழுந்த பள்ளி இன்றும் மதராஸ் கல்லூரி என்றே வழங்குகிறது. சட்டாம்பிள்ளை கப்பலேறிச் சீமைக்குப் போய்ச் சீர்திருத்தக்காரன் ஆனான்! நம் திண்ணையிலே அவன் வெறும் சட்டாம்பிள்ளை.

இதிலே ஒன்றைக் கவனிக்க வேண்டுகிறோம். பெல் கண்டது ஒரு முறை. முறை என்பது எவர் கையிலும் கொடுக்கக்கூடியது. எட்டு வயது அனாதைச் சிறுவன் கையிலே கொடுத்தாலும் அது வேலை செய்தது. குலம் பார்த்து வேலை செய்ய அது மந்திரம் அன்று.

கும்பெனி ஆட்சியிலே இந்த உண்மையை ஓரளவு உணர்ந்தவர் சென்னை கவர்னர் தாமஸ் மன்றோ. 1822இல் எல்லாக் கலெக்டர்களிடமும் பள்ளிக்கூடக் கணக்குக் கேட்டார். திருச்சிராப்பள்ளிக் கலெக்டரும் கணக்கு அனுப்பினார். மாகாணம் முழுதும் 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர், மக்கள்தொகை 1,28,50,941 என்று கூட்டு விழுந்தது. கணக்கைப் பார்த்த மன்றோ, 1826 மார்ச்சில் எழுதிய குறிப்பில், கல்வி தாழ்ந்திருப்பதற்கு ஆசிரியரின் தகுதிக் குறைவும் வறுமையும் காரணம் என்று கண்டார். பிள்ளைகள் தரும் சம்பளத்தால் ஆசிரியருக்கு மாதம் ஆறேழு ரூபாய்க்குமேல் கிடைக்கவில்லை. அந்த வருவாய்க்கு நல்லவர் எவர் வருவார் என்று கேட்டார்.

அவர் தீட்டிய திட்டம் இது: சென்னையிலே ஆசிரியரைப் பயிற்றும் பள்ளி ஒன்று. ஒவ்வொரு ஜில்லாவிலும் இரண்டு பெரிய பள்ளிகள், ஆக 40. ஆசிரியருக்கு மாதம் 15 ரூபாய். தாசில்தார் எல்லைக்கு ஒன்றாக 300 பள்ளிகள். ஆசிரியருக்கு மாதம் 9 ரூபாய். பாடநூற் சங்கத்துக்கு மாதம் 700 ரூபாய். ஆண்டுக்கு மொத்தம் 48,000 ரூபாய். ஒன்றேகால் கோடி மக்களைக் கட்டியாண்டு வரி கறந்த கும்பெனிக்கு, ஆண்டுக்கு நாற்பத்தெட்டாயிரம் பெரிய தொகையா?

பெரிய தொகையாகத்தான் பட்டது! 1827 ஜூலையில் மன்றோ பத்திகொண்டாவில் வாந்திபேதிக்கு இரையானார். திட்டம் தந்தையற்ற பிள்ளையாயிற்று. தாசில்தார் பள்ளிகள் எண்ணியதில் ஒரு சிறு பங்கே எழுந்தன. மேலேயுள்ள சிலருக்கு ஆங்கிலம் புகட்டினால் அது கீழே சொட்டும் என்ற மெக்காலே காலத்துச் சிந்தனை ஓங்கியது. 1836இல் எஞ்சியவையும் மூடப்பட்டன. கீழே சொட்டும் என்றார்கள். நூறாண்டு காத்திருந்தோம், கிண்ணம் நிறைந்தது மேலேதான். மன்றோவின் திட்டத்திலும் சேரிக்கு இடம் சொல்லப்படவில்லை. இந்துவுக்கு ஒன்று, முசுலிமுக்கு ஒன்று என்று பிரித்தவர், இந்து என்ற பெயருக்குள் எத்தனை பூட்டிய கதவுகள் என்பதைத் தட்டிப் பார்க்கவில்லை. ஆயினும், ஆசிரியருக்குப் பயிற்சி தருவதிலிருந்தே தொடங்கவேண்டும் என்ற அவருடைய வரிசை சரியானது.

பிறகு 1854இல் சார்லஸ் வுட் அனுப்பிய கல்விச் சாசனம், மாகாணந்தோறும் ஆசிரியப் பயிற்சிப் பள்ளிகள் வேண்டும், பயில்வோருக்கு உதவித்தொகை வேண்டும் என்றது. 1856இல் சென்னையில் அரசினர் நார்மல் பள்ளி தோன்றியது. அதுவே பின்னர் சைதாப்பேட்டைக்குப் பெயர்ந்து, சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியாக வளர்ந்தது. 1882இல் ஹண்டர் கல்விக்குழு, பயிற்சிப் பள்ளிகள் தலைநகரிலே குவியாமல் ஆங்காங்கே பரவ வேண்டும் என்று பரிந்துரைத்தது. பரிந்துரை நல்லது. அதே காலத்தில் நடைமுறையில் இருந்ததோ, தேர்வு விளைவுக்கேற்ற மானியம் என்ற ஏற்பாடு! ஆய்வாளர் வந்து பிள்ளைகளைச் சோதித்து, தேறியவருக்கு இவ்வளவு என்று பள்ளிக்குப் படியளந்தார். ஆசிரியர் என்ன செய்வார்? எளிதில் தேறும் பிள்ளையை முன்னிருத்துவார். முதல் தலைமுறையாக வந்து தடுமாறும் பிள்ளையை வராதே என்று சாடையாகச் சொல்வார். பயிற்சிக்குச் செலவிடாமல் பயனை மட்டும் தராசில் நிறுத்தால் எளியவன் பிள்ளைதான் கழித்துவிடப்படுவான்.

அரசு தயங்கிய இடத்தில் மதப்பணியாளர் புகுந்தனர். தரங்கம்பாடியில் சீகன்பால்கு 1716இலேயே பள்ளிகளுக்கு ஆசிரியரைப் பயிற்றும் நிலையம் அமைத்தார். பாளையங்கோட்டையில் சாரா டக்கர் பெயரால் எழுந்த நிலையம், பெண்களை ஆசிரியைகளாக ஆக்கியது. இந்தியாவையே பார்த்தறியாத ஓர் ஆங்கிலப் பெண்ணின் நினைவாகத் திரட்டிய பொருள், நெல்லைச் சீமைப் பெண்ணின் கையில் சுண்ணாம்புக் கட்டியைக் கொடுத்தது! அவர்கள் நோக்கம் மதமாற்றம்தானே என்று கேட்பார் உண்டு. ஆம், அதுவும் இருந்தது. ஆனால் கதவை அடைத்து வைத்தவர், சன்னலைத் திறந்தவனின் நோக்கத்தை ஆராயப் புகுவது வேடிக்கை. 1894இல் கர்னல் ஆல்காட் சென்னை அடையாற்றில் பஞ்சமர் பள்ளியைத் தொடங்கினார். அவ்வரிசையில் எழுந்த ஒரு பள்ளிக்குத் திருவள்ளுவர் பெயர் சூட்டப்பட்டது. அங்கே பணியாற்றிய கோர்ட்ரைட் அம்மையார், பறையர் பிள்ளைகளுக்கு எவ்வாறு கற்பிக்கிறோம் என்பதை 1906இல் ஒரு நூலாகவே எழுதினார். அறிவு ஏறாத சாதி என்று பழி சுமத்தப்பட்ட பிள்ளைகளைப்பற்றி, கற்பிக்கும் முறையை விளக்கும் நூல்! முறை சரியானால் அறிவு ஏறும் என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

சுப்புலட்சுமி அம்மையாரையும் குறிப்பிடாமல் விடுவது நேர்மையாகாது. இளம் விதவையாகி, 1911இல் பட்டம் பெற்று, தம்மைப் போன்ற பெண்களை ஆசிரியைகளாக்கும் பணியில் இறங்கினார். 1922இல் தோன்றிய லேடி வில்லிங்டன் பயிற்சிக் கல்லூரிக்கும் அவரே முதல்வர். தலை மழித்து மூலையில் உட்கார வைக்கப்பட்ட பெண்ணை வகுப்பறையின் நடுவே நிறுத்தியது பெரும்புரட்சி. அந்த விதவையர் விடுதி பார்ப்பனப் பெண்களுக்கு மட்டுமே என்று இருந்ததுதான் கசப்பு. கொடுமையைச் சாத்திரம் எல்லோருக்கும் பங்கிட்டது. விடுதலையைப் பங்கிடும்போது சாதி குறுக்கே வந்தது.

நீதிக்கட்சி ஆட்சிக்கு வந்த 1920ஆம் ஆண்டிலேயே சென்னைத் தொடக்கக் கல்விச் சட்டம் வந்தது. 1921இல் வகுப்புவாரி ஆணை பிறந்தது. தாழ்த்தப்பட்டோருக்கெனத் தொழிலாளர் துறை பள்ளிகள் நடத்தியது. இவைபற்றி இந்த ஏடுகளில் பலர் எழுதியாகிவிட்டது. நாம் வேறொன்றைச் சற்று நின்று பார்ப்போம்.

தந்தை பெரியார் 1935இல் குடிஅரசு இதழில் எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைப்படுத்தினார். ணை, லை, ளை, னை ஆகியவற்றுக்கு யானைத் துதிக்கைபோல் ஒரு சுழி. ணா, றா, னா ஆகியவற்றுக்கு வேறொரு கொக்கி. மற்ற எழுத்துகளுக்கெல்லாம் ஒரு விதி, இவற்றுக்கு மட்டும் தனி விதி. ஏன் என்று கேட்டால் விடையில்லை. கை, தை, மை என்று எழுதக் கற்ற குழந்தை, அதே விதியில் லை எழுதினால் தவறென்று குட்டு வாங்கியது. யார் தவறு அது? விதியைப் புரிந்துகொண்ட குழந்தையின் தவறா, விதியை மீறிய எழுத்தின் தவறா? புலவர் பெருமக்கள் கொதித்தனர். தமிழ் அழிந்தது என்றனர். 1978 அக்டோபரில், பெரியார் நூற்றாண்டையொட்டி, எம்.ஜி.ஆர். அரசு அந்தச் சீர்திருத்தங்களில் 13 எழுத்துகளுக்குரியவற்றை ஏற்று ஆணையிட்டது. தமிழ் அழியவில்லை. ஆசிரியர் லட்சக்கணக்கானோர் தாம் கற்ற எழுத்தையே மறந்து புதிதாய் எழுதிப் பழகினர். எழுத்தறிவிப்பவனும் ஒருநாள் எழுத்துக் கற்பவனாக வேண்டியிருக்கும் என்பதைத் தமிழ்நாடு முழுதும் ஒரே ஆண்டில் கண்டது. கோயில் கர்ப்பக்கிரகத்திலே நுழைவதற்கு எவ்வளவு தடையோ, அவ்வளவு தடை எழுத்தின் வடிவத்தைத் தொடுவதற்கும் இருந்தது. தொட்டவர், பள்ளியிறுதி வகுப்பையும் எட்டாத ஈரோட்டு வணிகர்!

இடையே 1953 வந்தது. ஆச்சாரியார் ஆட்சி கொணர்ந்த புதுத் திட்டத்தின்படி, தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு நாளுக்கு மூன்று மணி நேரம் பள்ளி. மீதி நேரம் அப்பன் தொழிலைப் பழக வேண்டும். ஒரே ஆசிரியர் காலையில் ஒரு கூட்டத்துக்கும் பிற்பகலில் மறு கூட்டத்துக்கும் பாடம் சொல்லவேண்டும். ஆசிரியரைப் பெருக்காமல் பிள்ளைகளைப் பெருக்கும் கணக்கு அது. அரியலூர்ப் பக்கத்துக் கூலி உழவனின் பிள்ளை எந்தத் தொழிலைப் பழகும்? பிறர் நிலத்தில் களை பறிப்பதையா? குலக்கல்வித் திட்டம் என்று அதற்குத் திராவிட இயக்கம் சூட்டிய பெயரே அதன் மரண ஓலை ஆயிற்று. 1953 ஜூலையில் தி.மு.க. நடத்திய மும்முனைப் போராட்டத்தில் ஒரு முனை இந்தத் திட்டத்தின் எதிர்ப்பு. அதற்குத் தலைமை ஈ.வெ.கி. சம்பத். மற்றொரு முனை, அரியலூர் இருப்புப்பாதையில் உள்ள கல்லக்குடி. கலைஞர் தண்டவாளத்தில் தலைவைத்த ஊர். பெயரை மீட்கும் போரும் எழுத்தை மீட்கும் போரும் ஒரே வாரத்தில் நடந்தன. 1954 ஏப்ரலில் காமராசர் முதலமைச்சரானார். மே மாதம் திட்டம் கைவிடப்பட்டது.

காமராசரும், கல்வி இயக்குநராக வந்த நெ.து. சுந்தரவடிவேலுவும் அடுத்துச் செய்தது, பள்ளியில்லா ஊர்களுக்குப் பள்ளி கொண்டுபோனது. படித்து வேலையற்றிருந்த இளைஞரை ஓராசிரியர் பள்ளிகளுக்கு அனுப்பினர். பயிற்சி பெறாதவரை அனுப்பலாமா என்று குரல் எழுந்தது. பயிற்சியாளர் வரும்வரை ஊர் காத்திருக்கட்டும் என்று சொல்வதற்கு, ஏற்கெனவே காத்திருந்த ஆயிரம் ஆண்டுகள் போதாவா? முதலில் ஆளை அனுப்பினர்; பிறகு பயிற்சிக்கு அழைத்தனர். அந்த வரிசை அக்காலத்துக்குச் சரி. 1955இல் ஆசிரியருக்கு ஓய்வூதியம், சேமநிதி, ஆயுள் காப்பு மூன்றையும் தரும் முப்பலன் திட்டம் வந்தது. 1956இல் மதிய உணவு. 1958இல் கடம்பத்தூரில் தொடங்கிய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள், கரும்பலகையும் பலகையும் நாற்காலியும் ஊராரின் கையிலிருந்தே வரும்படி செய்தன. வயிறும் நாளைய கவலையும் தீராத ஆசிரியனிடம் கற்பிக்கும் முறையைப்பற்றிப் பேசிப் பயனில்லை என்பது, ஏழ்மையில் வளர்ந்த அந்த முதல்வருக்குத் தெரிந்திருந்தது.

சாமிநாதையரைச் சொல்லிச் சிலர் வாதிடுவதுண்டு. அவர் எந்தப் பயிற்சிப் பள்ளிக்குப் போனார்? 1880இல் கும்பகோணம் கல்லூரியில் நேராகப் போய் அமரவில்லையா? பெரும் புலமை இருந்தால் போதாதா? என்று. எழுத்தறிந்தவனுக்கு இலக்கியம் சொல்வது வேறு; எழுத்தே அறியாக் குடும்பத்தின் பிள்ளைக்கு முதல் எழுத்தைச் சொல்வது வேறு. வீட்டிலே ஏடு உள்ள பிள்ளைக்கு ஆசிரியர் தவறினாலும் தாய் திருத்துவாள், தமையன் திருத்துவான். வெங்காயக் காட்டிலிருந்து திரும்பும் தாய்க்கு எழுத்துத் தெரியாதென்றால், பள்ளியில் நடந்த தவறு அங்கேயே நிலைத்துவிடும். 247 எழுத்துகளையும் வரிசையாக ஒப்பிக்கும் பிள்ளை, நடுவிலே ஓர் எழுத்தைக் காட்டினால் திகைப்பதை எந்த ஆசிரியரும் அறிவார். ஒப்பித்தது காது, கண் கற்கவில்லை. ட, ப, ம என்று எளிய வடிவங்களில் தொடங்கி, படம், மடம், பட்டம் என்று உடனே சொல்லாக்கிக் காட்டினால், இரண்டாம் நாளே அந்தப் பிள்ளை வாசிப்பவன் ஆகிறான். எந்தப் பிழை அறியாமையால் வருவது, எந்தப் பிழை வளர்ச்சியின் அடையாளம் என்று பிரித்தறிவது புலமையால் மட்டும் வராது. அது தொழில், தொழிலுக்குப் பழக்கம் வேண்டும்.

அதை மெய்ப்பித்தது அறிவொளி இயக்கம். 1991இல் புதுக்கோட்டை மாவட்டத்தில், ஷீலா ராணி சுங்கத் மாவட்ட ஆட்சியராக இருந்தபோது, தமிழ்நாடு அறிவியல் இயக்கமும் ஊர் இளைஞரும் கைகோத்து இறங்கினர். கல்குவாரித் தொழிலாளப் பெண்களும் வயல் கூலிப் பெண்களும் இரவு விளக்கின் கீழே எழுத்துக் கற்றனர். சைக்கிள் ஓட்டவும் கற்றனர். கற்பித்தவர் யார்? பட்டம் பெற்றவர் அல்லர். பள்ளிப் படிப்பு முடித்த பெண்களும் ஆண்களும். முதன்மைக் கருத்தாளர் பயிற்றுநருக்கும், பயிற்றுநர் தொண்டருக்குமாகப் பயிற்சி படிப்படியாக இறங்கியது. ஆத்திசூடியை அல்ல, கூலியையும் குடிநீரையும் பேசிப் பாடம் தொடங்கினர். சேரிப் பெண்ணே சேரிக்கு ஆசிரியை ஆனாள். நன்னூலார் முதலில் வைத்த சொல், புதுக்கோட்டைப் பொட்டலில் கடைசிக்கும் கடைசியாகப் போய்ச் சேர்ந்தது.

1986ஆம் ஆண்டுக் கல்விக் கொள்கையின் விளைவாக மாவட்டந்தோறும் ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனங்கள் தோன்றின. 1995இல் திருச்சியிலிருந்து பெரம்பலூர் மாவட்டம் பிரிந்தது. இந்தப் பகுதிக்கான நிறுவனம் கீழப்பழுவூரில் அமைந்தது, பழுவேட்டரையர் ஆண்ட பழுவூரிலே. ஹண்டர் குழு 1882இல் கேட்டது, நூறாண்டு கழித்து இந்த வட்டாரத்துக்கு வந்துசேர்ந்தது. 2007இல் அரியலூர் தனி மாவட்டமாக, கீழப்பழுவூர் அதன் எல்லைக்குள் நின்றது. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80 விழுக்காடு. பெரம்பலூரில் 74, அரியலூரில் 71. இரு மாவட்டங்களிலும் பெண்களில் மூன்றில் ஒரு பங்குக்குமேல் எழுத்தறியாதவர். சிமெண்டு ஆலைகளின் புகைபோக்கிகள் வானளாவிய அதே ஆண்டுகளின் கணக்கு இது.

இடையிலே வணிகமும் புகுந்தது. ஊர்தோறும் தனியார் பயிற்சி நிறுவனங்கள் முளைத்தன. நிலத்தை விற்றுக் கட்டணம் கட்டிய குடும்பங்கள் எத்தனை! 2012 ஜூலையில் முதல் ஆசிரியர் தகுதித் தேர்வு நடந்தபோது, ஆறு இலட்சத்துக்கு மேற்பட்டோர் எழுதினர். நூற்றுக்கு ஒருவர்கூடத் தேறவில்லை. தேறாதவரை ஏளனம் செய்தோர் உண்டு. காசு வாங்கிச் சான்றிதழ் அச்சிட்டுத் தந்தவரை எவரும் ஏளனம் செய்யவில்லை. பழைய காலத்தில் குலம் செய்த வேலையை இப்போது கட்டணம் செய்யத் தொடங்கிற்று என்பதை மட்டும் சொல்லி நகர்கிறோம்.

நல்லனவும் நடந்தன. சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல், 2007இல் மாநிலத்தின் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கெல்லாம் பரவியது. ஆந்திரத்து ரிஷிவேலிப் பள்ளியின் முறையைத் தழுவியது அது. பிள்ளை தன் வேகத்திலே அட்டைகளை எடுத்து ஏணிப்படியேறும். ஆசிரியர் நாற்காலியை விட்டிறங்கித் தரையில் பிள்ளைகளோடு அமர்வார். உயரத்தில் அமர்பவனே குரு என்று பழகிய நாட்டிலே அது சிறிய செய்தியன்று. 2022 ஜூனில், கொரோனாக் காலத்து இழப்பை ஈடுகட்ட, எண்ணும் எழுத்தும் இயக்கம் தொடங்கிற்று. எட்டு வயதுக்குட்பட்ட எல்லாப் பிள்ளைகளும் 2025க்குள் பிழையின்றி எழுதப் படிக்கவேண்டும் என்பது குறி. அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளை நிலைவாரியாகப் பிரித்து, அதற்கேற்பக் கற்பிக்க ஆசிரியருக்குப் பயிற்சி தந்தனர்.

இந்தப் பயிற்சிகளிலே நமக்கு ஒரு குறையுண்டு, உள்ளதைச் சொல்வோம். மாநிலத்திலிருந்து மாவட்டம், மாவட்டத்திலிருந்து வட்டாரம், வட்டாரத்திலிருந்து பள்ளி என்று பயிற்சி படியிறங்கி வருகிறது. புதுக்கோட்டையிலும் அது படியிறங்கியதுதான். ஆனால் அங்கே மேற்படியில் நின்றவர் இரவிலே கீழ்ப்படிக்கு வந்து, தொண்டரின் அருகே அமர்ந்து, நடப்பதைக் கண்டார். பள்ளியிலோ, வட்டார வள மையத்தில் மூன்று நாள் கேட்டுத் திரும்பிய ஆசிரியரின் வகுப்புக்கு வருபவர் படிவத்தோடு வருகிறார், நிரப்பிக்கொண்டு போகிறார். ஈராசிரியர் பள்ளி என்றால், பயிற்சிக்கு ஒருவர் போனதும் மற்றவர் ஐந்து வகுப்புகளையும் கட்டி மேய்க்கவேண்டும். அந்த மூன்று நாளும் முதல் வகுப்புப் பிள்ளைக்கு விடுமுறைதான், பள்ளிக்கு வந்திருந்தாலும்! இன்னொன்று: புதிதாய் வந்தவரிடம் முதல் வகுப்பைத் தள்ளி, மூத்தவர் ஐந்தாம் வகுப்பை வைத்துக்கொள்ளும் வழக்கம் பல பள்ளிகளில் இன்றும் உண்டு. ஐந்தாம் வகுப்பில் பெருமை உண்டு. முதல் வகுப்பில் மூக்கொழுகும் பிள்ளைகள்தாம் உண்டு என்ற எண்ணம்.

பயிற்சி நாள்களில் மாற்றாசிரியர் ஒருவரைப் பள்ளிக்கு அனுப்ப அரசு ஏற்பாடு செய்யட்டும். எழுத்தறிவிப்பதிலே தேர்ந்த ஆசிரியர் ஒருவரைப் பள்ளித் தொகுதிதோறும் குறித்து, அவருக்கு வகுப்புச் சுமையைக் குறைத்து, மற்றவரின் முதல் வகுப்பிலே போய் உடன் அமர்ந்து கற்பித்துக்காட்ட விடட்டும். அந்தப் பொறுப்புக்கென்று ஒரு படியும், பதவி உயர்விலே ஒரு கணக்கும் வேண்டும். வாலிகண்டபுரத்திலே தொடங்கினாலும் சரி, குன்னத்திலே தொடங்கினாலும் சரி; அடுத்த ஜூன் மாதம் முதல் வகுப்புக்கு வரப்போகும் பிள்ளைகள் இப்போது அங்கன்வாடியில் இருக்கிறார்கள்.